கேட்காத உறுப்பினர் திட்டமும் மாதந்தோறும் போன 299 ரூபாயும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையக் கடைகளில் ஏதேனும் ஒரு பொருளை வாங்கும்போது நாம் கேட்காமலேயே நம்மைச் சேர்த்துக்கொள்ளும் கட்டண உறுப்பினர் திட்டங்களைப் பற்றியும், அவற்றிலிருந்து விலகச் சட்டம் நமக்குத் தந்திருக்கும் வழிகளைப் பற்றியும், விதியில் எழுதப்பட்டிருந்தும் நடைமுறைக்கு வராமல் கிடக்கும் ஒரு வரியைப் பற்றியும் தங்கள் நாளிதழின் வாசகர்களுக்குத் தெரிவிக்க விரும்பி இதை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது; என்னைப் போன்ற முதியவர்கள் பலருக்கு இது பயன்படும் என்பதால் இயன்றவரை முழுமையாக வெளியிட வேண்டுகிறேன்.

நான் ஒரு கூட்டுறவு நகர வங்கியில் 31 ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். கடந்த ஜூன் மாதம் என் சேமிப்புக் கணக்கின் பாஸ்புக்கை வங்கிக் கிளையின் வாசலில் உள்ள இயந்திரத்தில் பதிந்து எடுத்துவந்து, பழைய வழக்கப்படி அடிக்கோலை வைத்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். ஜூன் 8ஆம் தேதியில் 299 ரூபாய் பற்று என்று ஒரு வரி இருந்தது. விவரம் எழுதும் இடத்தில் நிறுவனத்தின் பெயர்கூட முழுதாக இல்லை; ஏழெட்டு ஆங்கில எழுத்துகளும், அவற்றை ஒட்டி ஒரு நீண்ட எண்ணும் மட்டுமே இருந்தன. முந்தைய பக்கத்தைப் பார்த்தால் மே 8 அன்றும் அதே 299. ஏப்ரல், மார்ச் என்று டிசம்பர் வரை பின்னால் போனபோது ஏழு வரிகள் கிடைத்தன. மொத்தம் 2,093 ரூபாய். ஜனவரியில் என் மனைவிக்கு முழங்கால் மூட்டு அறுவை சிகிச்சை நடந்ததால் அந்த ஆறேழு மாதங்களும் பாஸ்புக்கைப் பதியவே நான் போகவில்லை. ஆயுள் முழுவதும் பிறருடைய பற்றுவரவைச் சரிபார்த்த எனக்கு என் கணக்கிலேயே இது தெரியாமல் போனது பெரிய வேதனையாக இருந்தது.

எந்தப் பற்று இது என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. நவம்பர் மாதம் மனைவிக்கு முழங்கால் பட்டை ஒன்றை இணையக் கடையொன்றில் வாங்கியிருந்தேன். விலையைச் செலுத்தி முடித்ததும், "உங்கள் அடுத்த கொள்முதலுக்கு 150 ரூபாய் காத்திருக்கிறது" என்ற பொருளில் திரை முழுவதும் நிறைந்த ஓர் அறிவிப்பும், அதன் கீழே "தொடர்க" என்ற பெரிய பொத்தானும் வந்தன. பொருளை வாங்கும் நடைமுறையின் அடுத்த படி இது என்று எண்ணி அதை அழுத்தினேன். உடனே கைபேசிக்கு இன்னொரு ஓடிபி வந்தது. முதலில் செலுத்திய பணம் போய்ச் சேரவில்லை போலும் என்று நினைத்து அதையும் இட்டேன். சலுகைப் புள்ளிகள் தரும் உறுப்பினர் திட்டம் ஒன்றுக்கு, 30 நாள் இலவசம், பிறகு மாதம் 299 ரூபாய் என்ற நிபந்தனையோடு, என் டெபிட் அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுத்துக்கொள்ள நான் அனுமதி அளித்ததாக அந்த ஓடிபியால் பதிவாகிவிட்டது.

கல்லூரியில் படிக்கும் என் பேத்தி, அதே கடையில் அதே பொருளை மறுபடியும் வாங்கி, அந்த அறிவிப்பு வரும் படி வரை சென்று ஒவ்வொரு திரையையும் படமெடுத்துக் காட்டினாள். அப்போதுதான் பொத்தானுக்குக் கீழே சாம்பல் நிறத்தில், படிக்கக் கண்ணாடியோடு உருப்பெருக்கியும் தேவைப்படும் அளவுக்குச் சிறிய ஆங்கில எழுத்துகளில் அந்த நிபந்தனை இருந்ததைக் கண்டேன். அதன் பக்கத்தில் ஒரு சிறு கட்டம். அதில் "சம்மதம்" என்பதற்கான டிக் குறி ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. அந்தக் குறியைப் போட்டது நான் அல்ல, கடைக்காரர். இந்த ஒரு படம்தான் பின்னால் எனக்குப் பெரிய சான்றாக அமைந்தது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இந்த இடத்தில் விதி என்ன சொல்கிறது என்பதை வாசகர்கள் அறிய வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 என்பது 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் கீழ் அதே மாதம் வெளியான மின்வணிக விதிகள், வாங்குபவரின் சம்மதம் அவருடைய வெளிப்படையான, தெளிவான செயலால் மட்டுமே பெறப்பட வேண்டும் என்றும், முன்கூட்டியே டிக் போட்ட கட்டங்கள் வழியாகத் தானாகச் சம்மதம் பதிவாகக் கூடாது என்றும் சொல்கின்றன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று "டார்க் பேட்டர்ன்" எனப்படும் ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை அறிவித்தது. அதில் 13 வகை ஏமாற்றுகள் பெயர் சொல்லிப் பட்டியலிடப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று சந்தாப் பொறி. கட்டணச் சந்தாவை ரத்து செய்வதை இயலாததாகவோ நீண்ட, சிக்கலான வேலையாகவோ ஆக்குவது, ரத்து செய்யும் இடத்தை மறைத்து வைப்பது, ரத்து பற்றிய குறிப்புகளைக் குழப்பமாக எழுதுவது ஆகிய மூன்றோடு, இலவசச் சந்தாவைத் தருவதற்காக அட்டை விவரத்தையோ தானியங்கிப் பற்றுக்கான அனுமதியையோ கட்டாயப்படுத்திப் பெறுவதும் சந்தாப் பொறி என்றே அதில் எழுதப்பட்டிருக்கிறது. "முதல் மாதம் இலவசம், அட்டை எண்ணை மட்டும் கொடுங்கள்" என்ற அழைப்பைச் சாதாரண வியாபார உத்தி என்று நாம் பழகிவிட்டோம். கட்டாயமாகக் கேட்டால் அது விதிமீறல். 2025 ஜூன் மாதத்தில், மின்வணிகத் தளங்கள் தங்கள் பக்கங்களில் இத்தகைய ஏமாற்றுகள் உள்ளனவா என்று மூன்று மாதத்துக்குள் தாங்களே தணிக்கை செய்துகொள்ள வேண்டும் என்றும் அந்த ஆணையம் அறிவுறுத்தியது.

அடுத்து, எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்ற கேள்வி. ஏழு முறை பணம் போயிருக்கிறது. வங்கி ஒரு முறைகூடச் சொல்லவில்லையா என்று என் மகன் கேட்டான். சொல்லியிருக்கிறது. அட்டையிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டுக்கு ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்ட் மாதமே விதிமுறை வகுத்துவிட்டது. முதல் தடவை பதிவு செய்யும்போது ஓடிபி வேண்டும். அதன் பிறகு ஒரு குறிப்பிட்ட தொகை வரை ஒவ்வொரு மாதமும் ஓடிபி தேவையில்லை. அந்தத் தொகை தொடக்கத்தில் 2,000 ரூபாயாக இருந்து, 5,000 ஆகி, 2022 ஜூன் முதல் 15,000 ஆனது. ஆனால் ஒவ்வொரு பற்றுக்கும் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே, யார் எடுக்கப் போகிறார்கள், எவ்வளவு, எந்தத் தேதியில், எதற்காக என்ற விவரத்தோடு வங்கி வாடிக்கையாளருக்கு அறிவிக்க வேண்டும்; வேண்டாம் என்றால் அந்தப் பற்றை மட்டுமோ முழு அனுமதியையுமோ அப்போதே நிறுத்தவும் வழி தர வேண்டும். எடுத்த பிறகும் மறுபடி தெரிவிக்க வேண்டும். இதற்கெல்லாம் வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது.

என் கைபேசியில் தேடிப் பார்த்தேன். ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதி அந்தக் குறுஞ்செய்தி தவறாமல் வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. தனிநபர் கடன், நகைக் கடன், காப்பீடு என்று அதே வங்கியின் பெயரில் நாளுக்கு ஐந்தாறு ஆங்கிலச் செய்திகள் வருகின்றன. அவற்றின் நடுவே இதுவும் "அன்பார்ந்த வாடிக்கையாளரே" என்று அவற்றைப் போலவே தொடங்கி, நான்கு வரி நீளத்துக்கு, நான் வாழ்நாளில் கேட்டிராத ஒரு சொல்லோடு இருந்தது. "இ-மேண்டேட்" என்பதுதான் அந்தச் சொல். தானாகப் பணம் எடுத்துக்கொள்ள நாம் தரும் மின்னணு அனுமதி என்பது அதன் பொருள். அலுவலக ஆங்கிலம் அறிந்த எனக்கே அது இன்னொரு கடன் விளம்பரமாகத்தான் பட்டிருக்கிறது.

நான் மேலே குறிப்பிட்ட, விதியில் இருந்தும் நடைமுறையில் இல்லாத வரி இதுதான். அந்த 2019ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையிலேயே, இந்த முன்னறிவிப்பு தெளிவாகவும் குழப்பமின்றியும், அட்டை வைத்திருப்பவருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எழுதியிருக்கிறது. புரியும் மொழி என்பதற்கு வேறு பொருள் இருக்க முடியாது. கும்பகோணத்தில், தமிழில் கையெழுத்திட்டுக் கணக்குத் தொடங்கிய ஒருவருக்குத் தமிழில்தான் அது வந்திருக்க வேண்டும். எனக்கு வந்த ஏழு செய்திகளில் முதலாவது தமிழில் வந்திருந்தால், டிசம்பர் மாதமே, முதல் 299 ரூபாய் போவதற்கு முன்பே நிறுத்தியிருப்பேன்.

விலகச் சென்ற கதையையும் சொல்ல வேண்டும். கடையின் தளத்தில் "என் கணக்கு" என்ற பக்கத்தில் முகவரியை மாற்றலாம், கைபேசி எண்ணை மாற்றலாம், உறுப்பினர் திட்டத்தை மேலும் உயர்ந்த நிலைக்கு மாற்றலாம். ரத்து செய்ய இடமில்லை. "உதவி" என்ற பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளில் பதினான்காவதாக, "உறுப்பினர் பலன்களை நிர்வகிக்க" என்ற தலைப்பின் கீழ் அது இருந்தது. அதை அழுத்தினால், இதுவரை நான் சேர்த்திருக்கும் 1,460 புள்ளிகள் அனைத்தையும் இழந்துவிடுவேன் என்ற எச்சரிக்கை சிவப்பு எழுத்தில் வந்தது. புள்ளிகளைக் காப்பாற்றிக்கொள்ளப் பெரிய பச்சைப் பொத்தானும், விலகுவதற்குக் கோடிட்ட சிறு எழுத்துகளும் இருந்தன. விலக முயன்றால் காரணம் கேட்டார்கள். காரணம் சொன்னால் ஒரு மாதம் இலவசம் என்றார்கள். அதையும் மறுத்தால், வேலை நாள்களில் காலை 10 முதல் மாலை 6 மணிக்குள் தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்ற அறிவிப்போடு அந்த வழி முடிந்துவிட்டது.

அழைத்தேன். இந்திக்கு ஒன்றை அழுத்தவும், ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்தவும் சொன்னார்கள். தமிழுக்கு எண் இல்லை. பதினெட்டு நிமிடம் காத்திருந்த பிறகு ஒரு பெண் பேசினார். பணிவாகத்தான் பேசினார், தனக்கு எழுதிக் கொடுக்கப்பட்டதைத்தான் அவர் படிக்கிறார் என்பது தெரிந்ததால் அவர்மீது எனக்கு வருத்தமில்லை. வேண்டாம் என்று மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. நான்காவது முறை, நடப்பு மாதம் முடிந்த பிறகு ரத்தாகும் என்றும், செலுத்திய தொகை எக்காரணத்தாலும் திரும்ப வராது என்றும், ஓடிபி இட்டதால் நான் சம்மதித்தவன் ஆகிறேன் என்றும் சொல்லி முடித்துக்கொண்டார். ரத்து செய்ததற்கு எழுத்தில் ஒரு சான்று கேட்டேன், வரவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுபவரிடம், "ஒன்றாம் தேதி முதல் அரை லிட்டர் போதும்" என்று வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னால் அன்றோடு முடிந்தது. நாளிதழ் போடும் தம்பியிடம் பத்து நாள் ஊரில் இல்லை என்றால் அந்தப் பத்து நாளைக் கணக்கில் கழித்துவிடுவார். கையில் ஒரு சிறு நோட்டை வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்தும் இவர்களால் முடிகிற ஒன்று, ஒரே தொடலில் நம்மைச் சேர்க்கத் தெரிந்த நிறுவனங்களுக்கு முடியாது என்பதை நான் ஏற்க மாட்டேன்.

புள்ளிகளைப் பற்றியும் ஒரு கணக்கு. நான்கு புள்ளிக்கு ஒரு ரூபாய் என்பது அவர்கள் விகிதம். அதன்படி என் 1,460 புள்ளிகளின் மதிப்பு 365 ரூபாய். அதையும் 2,000 ரூபாய்க்கு மேல் பொருள் வாங்கினால்தான் கழித்துக்கொள்ளலாம், அதுவும் 90 நாளுக்குள். 2,093 ரூபாயைக் கொடுத்துவிட்டு 365 ரூபாயை இழக்க அஞ்சி மேலும் மேலும் 299 செலுத்துபவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். சிவப்பு எழுத்தில் காட்டப்படும் இழப்பு, பாஸ்புக்கில் ஏற்கெனவே நேர்ந்துவிட்ட இழப்பைக் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

இனி, இதே நிலையில் இருப்பவர்கள் என்ன செய்யலாம் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். தட்ட வேண்டிய கதவுகள் இரண்டு. ஒன்று நிறுவனத்திடம் உள்ள உறுப்பினர் கணக்கு. மற்றொன்று நம் வங்கியிடம் உள்ள பற்று அனுமதி. பலர் முதல் கதவை மட்டும் தட்டிவிட்டு, அங்கே திறக்கவில்லை என்று திரும்பிவிடுகிறார்கள். இரண்டாவது கதவு நம் கையில் இருக்கிறது. தானியங்கிப் பற்றுக்கான அனுமதியை எந்த நேரத்திலும் திரும்பப் பெற இணைய வசதி தர வேண்டும் என்பதும், திரும்பப் பெற்ற பிறகு அந்த அனுமதியின் பேரில் புதிதாகப் பணம் எடுக்கக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கியின் விதி. நிறுவனத்தின் ஒப்புதல் அதற்குத் தேவையில்லை. வங்கியின் இணையப் பக்கத்திலோ செயலியிலோ அட்டைகள் தொடர்பான பகுதியில் நடப்பில் உள்ள அனுமதிகளின் பட்டியல் இருக்கும். யுபிஐ வழியாகக் கொடுத்திருந்தால், பணம் அனுப்பப் பயன்படுத்தும் செயலியிலேயே "ஆட்டோ பே" என்ற பகுதியில் அது இருக்கும். ரத்து என்பதை அழுத்தி யுபிஐ பின் எண்ணை இட்டால் போதும். இணையம் பழக்கமில்லாதவர்கள் கிளைக்கே சென்று எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் வங்கியில் நிறுத்திவிட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் விட்டுவிடுவதும் சரியல்ல. உறுப்பினர் கணக்கு உயிரோடு இருந்தால் பாக்கி என்று பின்னால் கேட்க இடம் கொடுத்தவர்கள் ஆவோம். ஆகவே எழுத்தில் சொல்ல வேண்டும். மின்வணிக நிறுவனம் ஒவ்வொன்றும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, அவருடைய பெயரையும் பதவியையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் வெளியிட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். நான் எழுதிய மின்னஞ்சல் ஒரு பக்கம்தான். பொருள் வாங்கிய தேதி, ஆர்டர் எண், பதிவு செய்த கைபேசி எண், ஏழு பற்றுகளின் தேதி, மொத்தத் தொகை, சம்மதக் கட்டத்தில் முன்கூட்டியே டிக் இருந்ததைக் காட்டும் படம் ஆகியவற்றை வைத்து, உறுப்பினர் கணக்கை உடனே மூட வேண்டும், 2,093 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும் என்று இரண்டே கோரிக்கைகளை எழுதினேன். கோபத்தை எழுதவில்லை, தேதிகளை எழுதினேன்.

ரத்து வேறு, பணத்தைத் திரும்பக் கேட்பது வேறு என்பதையும் கவனிக்க வேண்டும். இனிமேல் வேண்டாம் என்று சொல்ல எந்தக் காரணமும் தேவையில்லை. எடுத்ததைத் திருப்பிக் கொடு என்று கேட்பதற்குத்தான், நம் சம்மதம் முறையாகப் பெறப்படவில்லை என்பதைக் காட்ட வேண்டியிருக்கிறது. தெரிந்தே சேர்ந்து, பலன்களையும் பயன்படுத்தியவர் பின்னால் மனம் மாறிக் கேட்டால் அது வேறு வழக்கு. அதையும் இதையும் ஒன்றாகச் சொல்லி யாருக்கும் தவறான நம்பிக்கை தர நான் விரும்பவில்லை.

ஒன்பது நாள் பதில் இல்லை. பத்தாம் நாள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்தேன். கட்டணமில்லா எண் அது. 17 மொழிகளில் பேசுகிறார்கள், தமிழும் உண்டு. என் புகாரைத் தமிழில் கேட்டு எழுதிக்கொண்டு, பதிவு எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்பினார்கள். 1915 நீதிமன்றம் அல்ல. நிறுவனத்துக்கு உத்தரவிடும் அதிகாரம் அதற்கு இல்லை. வழக்குக்குப் போகும் முன் இரு தரப்பையும் பேசவைக்கும் இடம் அது. ஆனாலும் அரசின் வழியாகக் கேள்வி வரும்போது நிறுவனம் பதில் சொல்கிறது. அதன் பிறகு பதினேழாம் நாள் முழுத் தொகையும் என் கணக்குக்கு வந்து சேர்ந்தது. கூடவே வந்த மின்னஞ்சலில், "நல்லெண்ண அடிப்படையில், சிறப்பு விதிவிலக்காக" அதைத் தருவதாக எழுதியிருந்தார்கள். அந்தச் சொற்களை நான் ஏற்கவில்லை என்று பதில் எழுதினேன். முறையான சம்மதம் இல்லாமல் எடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுப்பது நல்லெண்ணம் அல்ல, கடமை. அதை விதிவிலக்கு என்று எழுதினால், கேட்காமல் இருக்கும் மற்ற வாடிக்கையாளர்களின் பணத்தைத் தாங்கள் வைத்துக்கொள்ளலாம் என்று பொருளாகிவிடும்.

வராமல் போயிருந்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குச் சென்றிருப்பேன். நிறுவனத்தின் தலைமையகம் வடக்கே எங்கோ இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பெரிய வசதி. எனக்கு அது தஞ்சாவூர். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் எதுவும் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வீட்டிலிருந்தே இணையவழியில் தாக்கல் செய்ய இ-ஜாக்ரிதி என்ற தளம் 2025 ஜனவரி முதல் இயங்குகிறது. வங்கியின் பக்கம் தவறு இருந்தால், அதாவது முன்னறிவிப்பே அனுப்பாமலோ, அனுமதியைத் திரும்பப் பெற்ற பிறகும் பணம் எடுக்கவிட்டோ இருந்தால், முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் பதில் இல்லை என்றாலோ பதில் நிறைவளிக்கவில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். அதற்கும் கட்டணமில்லை.

கிரெடிட் அட்டை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. அட்டையோடு சேர்த்து விற்கப்படும் பிற சேவைகளுக்கும் வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் வேண்டும், அவர் மறுப்புச் சொல்லாததையே சம்மதமாகக் கொள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் அட்டை விதிமுறைகள் சொல்கின்றன. கேட்காமலேயே அட்டையை அனுப்பியோ உயர்நிலைக்கு மாற்றியோ கட்டணம் விதித்தால், அதைத் திருப்பித் தருவதோடு அதைப்போல் இரண்டு மடங்கை அபராதமாகவும் அட்டைதாரருக்குத் தர வேண்டும். தொலைபேசியில் "சரி, சரி" என்று சொல்லி முடித்த அழைப்புகளை நினைவுபடுத்திக்கொண்டு மாதப் பட்டியலை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

என் கதையைக் கேட்டு எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா தம் கைபேசியைக் கொண்டுவந்தார். அவருடைய யுபிஐ செயலியில் நடப்பிலிருந்த தானியங்கி அனுமதிகள் மூன்று. ஒன்று மகனின் கைபேசி ரீசார்ஜ். அது அவருக்குத் தெரியும். மற்ற இரண்டும் என்னவென்றே தெரியவில்லை. ஒன்று 99, மற்றொன்று 149. இரண்டும் சேர்ந்து மாதம் 248 ரூபாய். "ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக் கொடுக்க முப்பது ரூபாய் வாங்குகிறேன் சார், எட்டு ரவிக்கைக் கூலி மாதாமாதம் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறதே" என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. இரண்டையும் ரத்து செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சிறு தொகைதானே என்று இதை யாரும் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகவே அவருடைய கணக்கை இங்கே எழுதுகிறேன். இந்தத் திட்டங்களின் விலை, வலிக்காத அளவுக்குச் சிறியதாகவும், விலகும் அலைச்சல் அதைவிடப் பெரியதாகவும் இருக்கும்படிதான் வைக்கப்படுகிறது.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள நோய் அல்ல. அமெரிக்காவில், இணையக் கடையில் பொருள் வாங்கி முடித்தவர்களைத் தள்ளுபடி ஆசை காட்டி மாதக் கட்டணத் திட்டங்களில் சேர்த்த மூன்று நிறுவனங்களைப் பற்றி 2009இல் செனட் குழு ஒன்று விசாரித்தது. அந்த வழியில் நுகர்வோரிடமிருந்து 140 கோடி டாலருக்கு மேல் போயிருந்தது வெளிவந்ததும், ஒரு கடையில் கொடுத்த அட்டை விவரத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றுவதை 2010இல் சட்டம் இயற்றித் தடுத்தார்கள். 2025 செப்டம்பரில் அமேசான் நிறுவனம், பிரைம் திட்டத்தில் மக்களை முறையான சம்மதமின்றிச் சேர்த்ததாகவும் விலகுவதைக் கடினமாக்கியதாகவும் அந்நாட்டு வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே, 250 கோடி டாலர் தர இணங்கியது; அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு. நம் நாட்டில் விதி எழுதப்பட்டுவிட்டது. அதை மீறியவர்கள் பாதிக்கப்பட்ட எல்லோருக்கும் திருப்பிக் கொடுக்கும் நிலை இன்னும் வரவில்லை. கேட்டவருக்கு மட்டும் கொடுக்கப்படுகிறது. புகார்கள் பதிவானால்தான் ஒரே நிறுவனத்தின்மீது எத்தனை பேர் என்பது ஆணையத்தின் கண்ணில் படும். எனவே பணம் திரும்ப வந்துவிட்டாலும் புகாரைப் பதிவு செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று. ரத்து செய்வதற்கான வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் பொதுவாகத் தேடிக் கிடைக்கும் முதல் எண்ணை அழைக்காதீர்கள். மோசடிக்காரர்கள் அத்தகைய பொய் எண்களைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். பணத்தைத் திருப்பித் தருகிறோம், இந்தச் செயலியை இறக்குங்கள், திரையைப் பகிருங்கள், ஓடிபியைச் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் துண்டித்துவிடுங்கள். 299 ரூபாயை மீட்கப் போய்ச் சேமிப்பு முழுவதையும் இழந்துவிடக் கூடாது. அப்படி ஏதும் நேர்ந்துவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

அரசிடமும் வங்கிகளிடமும் நான் கேட்பது இரண்டுதான். சேர்வதற்கு எத்தனை தொடல்களோ விலகுவதற்கும் அத்தனை தொடல்களே, அதுவும் சேர்ந்த அதே பக்கத்தில் இருக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறியில் எண்ணிக்கையாகவே எழுதிவிட வேண்டும். சிக்கல், நீளம் என்ற சொற்களுக்கு நிறுவனங்கள் ஆளுக்கொரு பொருள் சொல்ல இடம் இருக்கக் கூடாது. மற்றொன்று, பற்றுக்கு முந்தைய நாள் வரும் குறுஞ்செய்தி, விளம்பரச் செய்திகளிலிருந்து வேறாகத் தெரியும்படி, "நாளை உங்கள் கணக்கிலிருந்து 299 ரூபாய் இன்னாருக்கு எடுக்கப்படும், வேண்டாம் என்றால் இங்கே நிறுத்தலாம்" என்று தமிழில் வர வேண்டும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம். இருக்கும் விதியின் அந்த ஒரு வரியை வங்கிகள் கடைப்பிடித்தால் போதும்.

என் கணக்கு உள்ள கிளையில், ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையில் உள்ள அந்த வரியை மேற்கோள் காட்டி, இனி எனக்கும் என் மனைவிக்கும் பற்று முன்னறிவிப்புகளைத் தமிழில் அனுப்புமாறு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். இப்படி ஒரு விண்ணப்பத்தை இதுவரை யாரும் கொடுத்ததில்லை என்று சொன்ன மேலாளர், மண்டல அலுவலகத்துக்கு அனுப்புவதாகச் சொல்லி, நகலில் தேதியிட்டு முத்திரை வைத்துக் கொடுத்தார். தையல் கடை அம்மாவும் எங்கள் தெருவில் மேலும் நான்கு பேரும் அதே வாசகத்தை எழுதித் தங்கள் தங்கள் வங்கிகளில் கொடுத்திருக்கிறார்கள். ஆறு நகல்களும் ஒரே கோப்பில் என்னிடம் உள்ளன; முப்பது நாள் முடிந்ததும் எந்த வங்கி என்ன பதில் சொன்னது என்பதைத் தங்களுக்கு எழுதி அனுப்புவேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கி எழுத்தர்,
கும்பகோணம்.